அடிச்சட்டம் ஒன்று, கூடு பல

போடிநாயக்கனூரில் பொழுது புலர்வதற்கு முன்பே ஜீப்புகள் விழித்துக்கொள்கின்றன. தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் ஏறுகிறார்கள். முன்னிருக்கையில் மூவர், பின்னால் எதிரெதிர்ப் பலகைகளில் முழங்கால்கள் இடிக்க மற்றவர்கள், வண்டியின் பின்வாயிலில் தொற்றிக்கொண்டு ஓரிருவர். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு அவர்கள் போய்ச்சேரும்போது வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். தேவாரம், கோம்பை, கம்பம் ஊர்களிலிருந்தும் இப்படித்தான். கம்பம் பள்ளத்தாக்கின் உழைப்பில் ஒரு பெரும்பகுதி நாள்தோறும் மலையேறி மாலையில் இறங்குகிறது.

அதே சாலையில், அதே வளைவுகளில், மூணாறு விடுதிகளை நோக்கி இரண்டே பேர் அமர்ந்த விலையுயர்ந்த கார்களும் எப்போதாவது ஏறுகின்றன. தாழ்ந்த கூரையும் நீண்ட மூக்கும் கொண்ட அத்தகைய ஒன்றுக்கு ஜீப் ஒன்று ஒதுங்கி வழிவிட்டதை ஒரு காலையில் நாங்கள் கண்டோம். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரு உலகங்கள் என்றுதான் முதலில் தோன்றிற்று. பிறகு பேசிப் பார்க்கையில், இரண்டையும் உருவாக்கியது ஒரே பழக்கம் என்பது புலப்பட்டது. ஒருமுறை செய்த அடிச்சட்டத்தின் மேல் வெவ்வேறு கூடுகளைப் பூட்டி வெவ்வேறு மனிதருக்கு விற்கும் பழக்கம் அது. பட்டறைகளில் அந்த அடிச்சட்டத்துக்குப் பெயர் சேஸ். கார் நிறுவனங்கள் இன்று சற்று விரிந்த பொருளில் அதைத் தளம் என்கின்றன. ஒரு சொகுசுப் பந்தயக் காரின் உருவத்தை அதன் வடிவமைப்பாளர் எவ்வளவு தீர்மானிக்கிறார், அடியில் கிடக்கும் பிறருடைய எலும்புக்கூடு எவ்வளவு தீர்மானிக்கிறது என்பதே இக்கட்டுரையில் நாங்கள் எழுப்ப விரும்பும் கேள்வி. அதற்கான விடையின் முக்கியமான ஒரு பகுதி நம் சென்னையில் இருக்கிறது.

பழக்கம் ஒன்றும் புதிதல்ல. நம் ஊர் மாட்டுவண்டியையே எடுத்துக்கொள்வோம். அச்சு, குடம், ஆரக்கால், வட்டை, நுகத்தடி என்னும் அடிப்படை உறுப்புகள் மாறுவதில்லை. அவற்றின் மேல் பலகை மட்டும் கிடந்தால் நெல்லும் வைக்கோலும் ஏற்றும் மொட்டை வண்டி. கூண்டு கட்டினால் குடும்பம் போகும் வண்டி. அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே வில்பட்டைகளைப் பொருத்தினால் மிராசுதாரரின் வில்வண்டி. எடையைக் குறைத்துக்கொண்டே போய், ஒருவர் ஒட்டி நிற்கவோ உட்காரவோ மட்டும் இடம் வைத்தால் பந்தய வண்டி. தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரியமாடு என்று மாடுகளைப் பிரித்துத் தேனிப் பக்கத்து ஊர்களில் இன்றும் நடக்கும் பந்தயங்களில் ஓடுபவை அந்த வகையின் வாரிசுகள்தாம். 'கூப்பே' என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்கும் இதே வரலாறு உண்டு. 'வெட்டப்பட்டது' என்பதே அதன் பொருள். எதிரெதிராக நால்வர் அமரும் குதிரைவண்டியின் முன்பாதியை வெட்டி நீக்கி, இருவருக்கான வண்டியாக்கியபோது அந்தப் பெயர் வந்தது. ஆகப் பந்தயக் காரின் பெயரிலேயே அது இன்னொரு வண்டியிலிருந்து வந்தது என்ற செய்தி ஒளிந்திருக்கிறது.

ஆனால் மாட்டுவண்டித் தச்சருக்கு ஒரு சுதந்திரம் இருந்தது. பந்தயத்துக்கு என்று சொன்னால் அச்சையும் சக்கரத்தையும் அதற்கேற்ப இழைத்துக் கொடுப்பார். தொழிற்சாலைக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அங்கே அச்சும் சட்டமும் கோடிக்கணக்கான செலவில் செய்த அச்சுவார்ப்புகளிலிருந்து வருபவை. ஒருமுறை செய்துவிட்டால், செலவிட்ட பணம் திரும்பும்வரை அவற்றையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தியாக வேண்டும்.

ஜீப்பின் கதை இதற்குச் சிறந்த தொடக்கம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் கேட்டது ஒரு 'கால் டன்' வண்டி. அதாவது, ஏறத்தாழ 250 கிலோ சுமையைக் கரடுமுரடான நிலத்தில் எடுத்துச்செல்லும் வண்டி. வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைச் செய்து குவித்தன. போர் முடிந்ததும் வில்லிஸ் தன் கையிலிருந்ததை வைத்தே குடிமக்களுக்கான வண்டிகளைச் செய்யத் தொடங்கியது. வடிவமைப்பாளர் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் அதே மூக்கும் அதே குடும்பத்து உறுப்புகளும் கொண்டு ஜீப்ஸ்டர் என்னும் திறந்த உல்லாசக் காரை வரைந்தார். 1948 முதல் 1950 வரை அது விற்றது. மொத்தம் 20,000ஐ எட்டவில்லை. பந்தயக் காரின் பாவனை அதனிடம் இருந்தது, வேகம் இல்லை. உழைப்புக்குப் பிறந்த எலும்பின் மேல் உல்லாசக் கூட்டைப் பூட்டுவதில் உள்ள சிக்கல் அன்றே தெரிந்துவிட்டது.

இந்தியாவில் 1945இல் மகிந்திரா அண்டு முகமது என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம், கூட்டாளிகளில் ஒருவரான குலாம் முகமது பாகிஸ்தான் சென்றபின் 1948இல் மகிந்திரா அண்டு மகிந்திரா ஆயிற்று. (குலாம் முகமது பின்னர் அந்நாட்டின் கவர்னர் ஜெனரலானார்.) 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகளின் உறுப்புகளைத் தருவித்துப் பூட்டத் தொடங்கிய அந்நிறுவனம், பிறகு அவற்றை இங்கேயே உற்பத்தி செய்தது. அமெரிக்காவில் 1953இல் அறிமுகமான சி.ஜே. 3பி என்ற உயர்ந்த மூக்கு ஜீப்பே நம் நாட்டு ஜீப் வம்சத்தின் மூலம். அதன் சட்டத்தை நீட்டினார்கள், டீசல் எஞ்சின்களை மாற்றி மாற்றி வைத்தார்கள், கூடுகளை மாற்றினார்கள். எம்.எம். 540, கமாண்டர், மார்ஷல், ஆர்மடா, 2000இல் பொலேரோ, 2010இல் தார் என்று வம்சம் பெருகியது. கம்பம் பள்ளத்தாக்கின் கூலி ஜீப், காவல் நிலைய ஜீப், வனத்துறை ஜீப், தேர்தல் ஜீப், கொழுக்குமலைக்குச் சுற்றுலாப் பயணிகளைக் குலுக்கிக் குலுக்கி ஏற்றிச்செல்லும் ஜீப் எல்லாம் இந்த ஒரு குடும்பத்தின் கிளைகள்தாம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2018இல் மகிந்திரா அமெரிக்காவில் ராக்சர் என்ற வண்டியை விற்கத் தொடங்கியபோது, அது ஜீப்பின் முகத்தைக் காப்பியடிக்கிறது என்று ஜீப் பெயருக்கு அன்று உரிமை கொண்டிருந்த நிறுவனம் வழக்குத் தொடர்ந்தது. 2020இல் அங்குள்ள வணிக ஆணையம் அதை ஏற்றுக்கொண்டது; முகத்தை மாற்றிய பிறகே விற்பனைக்கு வழி பிறந்தது. எழுபது ஆண்டுகளாகப் பகிர்ந்துகொண்ட எலும்பைப் பற்றி வழக்கு இல்லை. முகத்தைப் பற்றித்தான் வழக்கு. அடிச்சட்டம் பொதுச்சொத்து போலக் கைமாறலாம், தோற்றம் மட்டும் தனிச்சொத்து என்பதே இத்தொழிலின் எழுதப்படாத விதி. வாங்குபவரும் தோற்றத்துக்குத்தான் விலை கொடுக்கிறார்.

இனிச் சென்னைக்கு வருவோம். வண்டலூர் அருகே ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனம் இருந்தது. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் கூட்டுறவில் பிறந்தது. அம்பாசிடர், ஃபியட் இரண்டையும் அடுத்து மூன்றாவதாக நம் சாலைகளில் ஓடிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1961இல் இங்கிருந்து வெளிவந்தது. இதன் மூலம் இங்கிலாந்தில் 1959இல் அறிமுகமான டிரையம்ப் ஹெரால்டு. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கலோட்டி.

ஹெரால்டின் அடியில் தனிச் சட்டம் இருந்ததே அன்றைக்கு விந்தை. ஐரோப்பியக் கார்கள் அனைத்தும் சட்டமும் கூடும் ஒன்றாகவே உருவாகும் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. ஸ்டாண்டர்டு மட்டும் ஏன் பழைய வழிக்குத் திரும்பியது? அதற்குக் கூடுகளைச் செய்து கொடுத்துவந்த நிறுவனத்தை 1953இல் போட்டி நிறுவனம் ஒன்று வாங்கிவிட்டது. முழுக்கூட்டையும் செய்து தர ஆளில்லை. ஆகவே கூட்டைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்வித்து, ஒரு தனிச் சட்டத்தின் மேல் போல்ட்டு போட்டு முடுக்குவது என்று முடிவு செய்தார்கள். இல்லாமையிலிருந்து பிறந்த ஏற்பாடு. ஆனால் அதுவே வரமாயிற்று. கூட்டின் துண்டுகளை மாற்றினால் புதிய கார் கிடைத்துவிடுகிறது! ஒரே சட்டத்தில் மூடிய கார், கூப்பே, திறந்த கார், பின்புறம் நீண்ட எஸ்டேட் கார், சரக்கு வேன் எல்லாம் சில ஆண்டுகளுக்குள் வந்துவிட்டன.

1961இல் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனத்தைப் பேருந்தும் லாரியும் செய்துவந்த லேலண்டு வாங்கியது. நம் எண்ணூரில் 1948இல் ஆஸ்டின் கார்களைப் பூட்டும் நிறுவனமாகத் தொடங்கி, 1955இல் அசோக் லேலண்டு என்று பெயர் பெற்றதில் பங்குகொண்ட அதே லேலண்டுதான். அந்த எண்ணூர்ச் சட்டங்கள் கூடில்லாமல், தலைப்பாகையோ ஹெல்மெட்டோ அணிந்த ஓட்டுநர் வெட்டவெளியில் அமர்ந்து ஓட்ட, கூடு கட்டும் ஊர்களுக்குப் போவதை நெடுஞ்சாலைகளில் பார்க்காதவர் இருக்க முடியாது. கரூரில் கூடு கட்டினால் பேருந்து. வேறிடத்தில் கட்டினால் லாரி. தேனியிலிருந்து குமுளிக்குப் போன பாண்டியன் பேருந்தும், கம்பத்துத் திராட்சையை ஏற்றிய லாரியும் சட்டத்தளவில் உடன்பிறப்புகள்.

லேலண்டு அதிகாரிகள் கவென்ட்ரித் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்தபோது, ஒரு மூலையில் தூசிப் படுதாவின் கீழ் கைவிடப்பட்ட மாதிரிக் கார் ஒன்றைக் கண்டார்கள் என்பது மோட்டார் வரலாற்றில் புகழ்பெற்ற செய்தி. பணமில்லாமல் நிறுத்தி வைத்திருந்த அந்தச் சிறிய பந்தயக் காருக்கு அவர்கள் உயிர் கொடுத்தார்கள். 1962 அக்டோபரில் அது டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற பெயரில் வெளிவந்தது. அடியில் இருந்தது ஹெரால்டின் சட்டத்திலிருந்து கிளைத்ததுதான். அச்சுகளுக்கு இடையே 91.5 அங்குலம் இருந்ததை 83 அங்குலமாகக் குறைத்து, சட்டத்தின் பக்கவாட்டுக் கைகளை நீக்கி, அந்தப் பளுவைக் கூட்டின் விளிம்புகளே தாங்கும்படி செய்திருந்தார்கள். மிக்கலோட்டியே அதற்கும் உருவம் தந்தார். முன்மூடி முழுவதும் முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும் ஹெரால்டின் வழக்கம் ஸ்பிட்ஃபயருக்கும் வந்தது. சந்துக்குள் திரும்பிவிடும் குறுகிய திருப்பமும் ஹெரால்டு குடும்பத்துச் சொத்தே. குடும்பக் காரில் வசதியாக இருந்தது, பந்தயக் காரில் அழகாயிற்று.

அடுத்த படிதான் எங்கள் கேள்விக்கு நேரான விடை. ஸ்பிட்ஃபயரின் மேல் சரிந்த முதுகுள்ள நிலையான கூரையைப் பொருத்திக் கூப்பே ஒன்றைச் செய்து பார்த்தார்கள். அழகாக இருந்தது, ஆனால் கூரையின் எடை கூடியதால் சிறிய எஞ்சினால் அதை இழுக்க முடியவில்லை. ஹெரால்டின் இன்னொரு உறவினரான வைட்டெஸ் காரில் ஆறு உருளை எஞ்சின் ஏற்கெனவே இருந்தது. அதன் 2 லிட்டர் வடிவத்தை எடுத்துச் செருகினார்கள். நீளமான எஞ்சின் முன்மூடிக்குள் அடங்காததால் மூடியில் ஒரு புடைப்பு எழும்பியது. பார்த்தவர்கள் அதைப் பலத்தின் அடையாளம் என்று புகழ்ந்தார்கள். 1966இல் ஜிடி6 பிறந்த கதை இதுதான். மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டும் அந்தக் காரை ஏழைகளின் ஜாகுவார் என்றுகூடச் சிலர் அழைத்தனர். அதன் கூரை, புடைப்பு, மூக்கின் நீளம் என ஒவ்வொன்றும் வரைபலகையில் மட்டும் தீர்மானமானவை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். குடும்பத்தில் எது கிடைத்ததோ அதைக் கொண்டு உருவம் அமைந்தது.

வரமோடு சாபமும் வந்தது. ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் நடுவிலுள்ள கியர்ப்பெட்டியருகே மூட்டு கொண்ட தனித்தனி அரையச்சில் தொங்கின. மேலே குறுக்காக ஒரே வில்பட்டைத் தொகுதி. மலிவான, எளிமையான ஏற்பாடு. மேடுபள்ளத்தில் மென்மையாகவும் இருக்கும். ஆனால் வளைவில் விரைந்து செல்லும்போது ஓட்டுநர் திடீரென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், வண்டியின் பின்புறம் எழும்பும். வளைவின் வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கும். பிடிப்பு குறைந்து வால் வீசும். 1 லிட்டருக்கும் குறைவான எஞ்சினுடன் குழந்தைகளைப் பள்ளிக்கு ஏற்றிச்செல்லும் ஹெரால்டில் இந்த ஆபத்து பெரும்பாலும் உறங்கியே கிடந்தது. இருமடங்கு எஞ்சினும் இளைஞரின் காலும் சேர்ந்த ஜிடி6இல் அது விழித்துக்கொண்டது. மோட்டார் பத்திரிகைகள் கடுமையாகக் கண்டித்தன. 1968இல் வந்த இரண்டாம் ஜிடி6இல், சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் கைகளும் ரப்பர் இணைப்புகளும் சேர்த்துப் பின்புறத்தையே மாற்றியமைத்தார்கள். இரண்டே ஆண்டுகளில் பிழை திருத்தப்பட்டது என்பதைக் குறித்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

ஒரே சட்டம் கவென்ட்ரியில் கூப்பேயாக மாறிக்கொண்டிருந்தபோது சென்னையில் என்ன ஆயிற்று? இங்கே அது எதிர்த்திசையில் நடந்தது. இங்கிலாந்தில் ஒருபோதும் வராத நான்கு கதவு ஹெரால்டு 1968இல் வண்டலூரிலிருந்து வந்தது. இந்தியக் குடும்பம் பெரியது; பாட்டியும் பேரனும் பின்னிருக்கைக்குக் குனிந்து நுழைய முடியாது. 1972இல் அதன் கூட்டைத் திருத்தி கெசல் என்று பெயரிட்டார்கள். ஆட்டங்கண்ட அரையச்சுகளை நீக்கி, லாரிகளில் உள்ளதுபோல ஒரே கெட்டியான பின்னச்சை வைத்தார்கள். வேகத்துக்காகச் செய்த திருத்தம் அல்ல அது. நம் சாலைக்கும் நம் பட்டறைகளுக்கும் பழக்கமானதைக் கொடுத்த திருத்தம். 1977வரை மிகச் சிறிய எண்ணிக்கையில் கெசல் வந்தது. உரிமங்களும் ஒதுக்கீடுகளும் ஆண்ட அக்காலத்தில் கூப்பே செய்ய யாரும் நினைத்திருக்க முடியாது. ஒரு சட்டத்திலிருந்து என்னென்ன பிறக்கும் என்பதைச் சட்டம் மட்டும் சொல்வதில்லை, சந்தையும் அரசும் சேர்ந்தே சொல்கின்றன.

ஆனாலும் வண்டலூர் ஒரு சொகுசுக் கனவு கண்டது. 1985இல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. இங்கிலாந்தில் 1976இல் வெளியாகி, அடுத்த ஆண்டு ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பட்டம் பெற்ற ரோவர் எஸ்.டி.1தான் அதன் உடல். ஃபெராரி டேடோனா கூப்பேயின் சாயலில் அதை வரைந்தார் டேவிட் பாச். மூலக் காரில் 3.5 லிட்டர் வி8 எஞ்சின் இருந்தது. சென்னைக் காரிலோ 1,991 சி.சி. கொள்ளளவுள்ள பழைய ஸ்டாண்டர்டு எஞ்சின். அந்த எஞ்சின் குடும்பத்தின் வரலாறு சுவையானது. 1940களின் இறுதியில் பிறந்து, ஃபெர்குசன் டிராக்டரில் உழவுக்குப் போயிற்று. ஸ்டாண்டர்டு வேன்கார்டு காரில் குடும்பத்தைச் சுமந்தது. 1953இல் டிரையம்ப் டிஆர்2 என்னும் பந்தயக் காரில் பாய்ந்தது. உழுத எஞ்சினே ஓடவும் செய்தது. 1985இல், முப்பது ஆண்டுகள் கழித்து, கூப்பேயின் சாயல் கொண்ட ஒரு கனத்த உடலை இழுக்க அதையே கேட்டபோது அதனால் இயலவில்லை. பெருவிலை கொடுத்தவர்களுக்கு உருவம் சொன்ன வாக்கை எஞ்சின் காப்பாற்றவில்லை. மாருதியின் புதிய கார்கள் வந்துவிட்ட காலம் வேறு. 1988இல் உற்பத்தி நின்றது. ஒரு தொழிற்சாலையும் அதை நம்பியிருந்தவர்களின் வாழ்வும் அந்தக் கனவோடு சரிந்தன.

ஜிடி6இலும் ஸ்டாண்டர்டு 2000இலும் நடந்தது ஒன்றே: கையிலிருந்ததைக் கொண்டு செய்தார்கள். முன்னதில் உறுப்புகள் ஒரே காலத்தவை, ஒரே அளவினவை. குறை தெரிந்ததும் திருத்த ஆளும் பணமும் இருந்தன. பின்னதில் உடலுக்கும் உயிருக்கும் ஒரு தலைமுறை இடைவெளி. பகிர்வது தவறல்ல, எதை எதோடு சேர்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இன்றைய சொகுசுக் கூப்பேகளுக்கும் இது பொருந்தும். 1998இல் வந்த ஆடி டிடியை எடுத்துக்கொள்வோம். அதன் தளம் நான்காம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபுடையது. அதே தளத்தில் எழுந்த ஸ்கோடா ஆக்டேவியா 2001இல் இந்தியாவுக்கு வந்து, அவுரங்காபாத்தில் (இன்றைய சத்ரபதி சம்பாஜிநகர்) பூட்டப்பட்டது. தேனியில் மருத்துவர்களும் ஏலக்காய் வணிகர்களும் ஓட்டிய ஆக்டேவியாவின் உறவினர் ஒருவர் பெர்லினில் கூப்பேயாக உலவினார் என்றால் மிகையல்ல. இந்தத் தளத்தில் எஞ்சின் குறுக்கே படுத்து முன்சக்கரங்களை ஓட்டுகிறது. ஆகவே முன்னச்சுக்கும் ஓட்டுநரின் கால்மிதிக்கும் இடையே உள்ள தூரம் குறைவு. பழைய பந்தயக் கார்களின் நீண்ட மூக்கை அதில் கொண்டுவரவே முடியாது. வடிவமைப்பாளர்கள் அந்தத் தடையோடு மல்லுக்கட்டவில்லை. அச்சுகளின் இடைவெளியை ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் குறைத்து, முன்னும் பின்னும் ஒரே மாதிரி உருண்ட உருவம் ஒன்றை வரைந்தார்கள். மூக்கில்லாத குறையே டிடியின் அடையாளமாயிற்று. அதிவேகத்தில் பின்புறம் எழும்பிச் சில கோர விபத்துகள் நேர்ந்தபோது அடுத்த சில மாதங்களுக்குள், பின்னால் ஒரு சிறகும் சறுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கருவியும் பொருத்த நிறுவனமே கார்களைத் திரும்ப அழைத்தது. இங்கே குறை தளத்தினுடையது என்பதைவிட அந்த அழகிய உருண்டையினுடையது என்பதே சரி. காற்று அதன் முதுகின் மேல் வழுக்கிச் சென்று வாலைத் தூக்கியது.

2014இல் விற்பனைக்கு வந்த லெக்சஸ் ஆர்.சி. இன்னொரு வகை. அதன் முன்பகுதி ஜி.எஸ். என்னும் பெரிய காரிலிருந்தும், நடுப்பகுதி ஐ.எஸ். குடும்பத்தின் முந்தைய திறந்த காரிலிருந்தும், பின்பகுதி அன்றைய புதிய ஐ.எஸ். காரிலிருந்தும் வந்தன. மூன்று கார்களின் துண்டுகளை இணைத்த ஒரு கூப்பே! கூரையில்லாத காருக்காக வலுப்படுத்திய நடுப்பகுதி முறுக்கத்தைத் தாங்கும் உறுதியைத் தந்தது. கூடவே எடையையும் தந்தது. அதன் வேகமான வடிவமான ஆர்.சி. எஃப் ஏறத்தாழ 1,800 கிலோ. போட்டிக் கார்களைவிட அது கனமானது என்று விமர்சகர்கள் குறைபட்டார்கள். கதவு மூடும் ஒலியையும் நெடுஞ்சாலையில் அதன் அமைதியையும் பாராட்டினார்கள். குறையும் நிறையும் ஒரே வேரிலிருந்து வந்தவை. சில ஆயிரங்களே விற்கும் கூப்பேக்கென்று தனி எலும்பு செய்தால் கட்டுபடியாகாது. பிறருடைய எலும்பை வாங்கினால் பிறருடைய எடையையும் வாங்கியாக வேண்டும்.

ஆகத் தளம் என்பது வெறும் இரும்புச் சட்டமல்ல என்று நாங்கள் கருதுகிறோம். யாருக்காக, எவ்வளவு சுமைக்காக, எந்த வேகத்துக்காக முதலில் செய்யப்பட்டதோ அந்த நினைவு அதில் தங்கியிருக்கிறது. மேலே எந்தக் கூட்டைப் பூட்டினாலும் வளைவிலும் இறக்கத்திலும் அந்த நினைவு மேலெழும். கூப்பேயின் வரலாறு என்பது அந்த நினைவை மறைத்தும் திருத்தியும் சில நேரம் அழகாக்கியும் வந்த வரலாறே.

இப்போது போடிக்குத் திரும்புவோம். ஜீப்புகளைப் பழுதுபார்க்கும் மூத்த பட்டறைக்காரர் ஒருவரிடம், இத்தனை பேரை இந்த வண்டி எப்படித் தாங்குகிறது என்று கேட்டோம். பின்வில்லில் கூடுதல் பட்டைகள் சேர்ப்பதைக் காட்டினார். "பட்டையச் சேத்தா வில்லு தாங்கும் சார். பிரேக்கு அதேதான சார்," என்றார். மோட்டார் பொறியியலின் பாடம் ஒன்றை இதைவிடச் சுருக்கமாக நாங்கள் கேட்டதில்லை. கால் டன் சுமக்கப் பிறந்த வம்சம் நீண்டும் தடித்தும் வளர்ந்திருக்கிறது, உண்மைதான். ஆயினும் அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை ஏற்றி மலையிறங்கும்போது, வில் தாங்கிய சுமையைத் தடுத்து நிறுத்தும் பொறுப்பு பழைய பிரேக்கின் மேல் விழுகிறது. இந்த மலைச்சாலைகளில் தொழிலாளர் ஜீப்புகள் கவிழ்ந்த செய்திகளை நாம் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம். விபத்து நடந்ததும் சோதனை கடுமையாகிறது. சில வாரங்களில் தளர்கிறது. கூலி உயராமல், வேறு வண்டி வசதி வராமல், ஜீப்பில் ஆள் குறைந்தால் தலைக்கு விழும் வாடகை கூடும் என்பது அந்தப் பெண்களுக்கும் தெரியும். அதனால் அவர்களே நெருங்கி உட்கார்ந்து இன்னொருத்திக்கு இடம் விடுகிறார்கள்.

ஜிடி6 வாங்கியவருக்காகப் பத்திரிகைகள் எழுதின. இரண்டாண்டில் அச்சு மாறியது. டிடி வாங்கியவருக்காக நிறுவனமே காரைத் திரும்ப அழைத்தது. ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண் அந்த வண்டியை வாங்கியவள் அல்ல, அதில் ஏறியவள் மட்டுமே. அவளுக்காகச் சட்டத்தை மாற்றி வரைய எந்த வரைபலகையும் காத்திருக்கவில்லை. பகிர்ந்துகொள்ளும் தளம் விலையைக் குறைத்து வண்டியை எளியவர்களுக்கும் எட்டச் செய்தது என்பது உண்மை. அது இல்லையேல் அந்த மலைக்கு ஜீப்பே வந்திருக்காது. ஆனால் பகிர்வின் ஆதாயம் எல்லாருக்கும் வருகையில், திருத்தத்தின் ஆதாயம் விலை கொடுக்க வல்லவர்களோடு நின்றுவிடுகிறது. மோட்டார் வரலாற்றை எழுதுபவர்கள் கூப்பேயின் வளைவுகளை எழுதும் அளவுக்கு இதையும் எழுத வேண்டும் என்பதே எங்கள் விண்ணப்பம்.

மாலை ஐந்து மணிக்குப் போடிமெட்டின் கடைசி வளைவுக்குக் கீழே நின்றால், இறங்கி வரும் ஜீப்புகளின் சூடேறிய பிரேக் வாடை காற்றில் வரும். முந்தல் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் பெண்கள் பேசத் தொடங்குகிறார்கள். அதுவரை பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை.